சைரன் கேட்டதும் முதல்ல மிரரைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆம்புலன்ஸ், ஃபயர் வண்டி எல்லாம் ரோட்ல எப்படிப் போகுது, அது வரும்போது நாம என்ன செய்யணும்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், வந்து குவிஞ்சிருச்சு. ஆம்புலன்ஸ்ல பேஷண்ட் பக்கத்துல உக்காந்து 11 வருஷம் போயிட்டு வந்தவன்ங்கிற முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: சிக்னல்ல ரெட் விழுந்து நான் முதல் ஆளா நிக்கிறேன். பின்னாடி ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கிட்டு நிக்குது. ரெட்டைத் தாண்டிப் போய் வழி விடணுமா, இல்ல அப்படியே நிக்கணுமா? கையெல்லாம் நடுங்குது சார். (புதுசா லைசென்ஸ் எடுத்த வாசகி)

தாண்டிப் போகாதீங்கம்மா. அதிகமான பேர் கேட்டது இதைத்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஆம்புலன்ஸுக்கு மேல லைட் சுத்துது, சைரன் அலறுது, குறுக்கு ரோட்ல வர்றவங்க அதைப் பார்த்துட்டு பிரேக் போடுவாங்க, ஆனா உங்க கார்ல அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அவங்களுக்குப் பச்சை விழுந்திருக்கு, அதை நம்பி வேகமா வர்றாங்க, நீங்க திடீர்னு நடுவுல போய் நின்னா அடி உங்களுக்குத்தான் விழும்.

பல நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னா அவசர வண்டி ரெட்டைத் தாண்டலாம், ஸ்பீடு லிமிட்டைத் தாண்டலாம், ஆனா அதனால யாருக்கும் ஆபத்து வராம பார்த்துக்கிற பொறுப்பு அந்த டிரைவர் தலையிலயேதான் இருக்கும். பிரிட்டன்ல அவங்களுக்கு ரெட் லைட்டுன்னா 'மத்தவங்களுக்கு வழி விட்டு அப்புறம் போ'ங்கிற போர்டு மாதிரி. வேகத்தைக் குறைச்சு, ஒவ்வொரு லேனா எட்டிப் பார்த்து, எல்லாரும் நின்னுட்டாங்கன்னு உறுதியானதும்தான் கடக்கணும். இவ்வளவு ட்ரெய்னிங் எடுத்தவரே அப்படிப் போறப்ப நீங்க பதட்டத்துல பாயறது சரியா வராது.

அப்போ என்ன பண்றது? பக்கத்துல இடம் இருந்தா இண்டிகேட்டர் போட்டு மெதுவா ஒதுங்குங்க. ஒரு அரை கார் நீளம் முன்னாடி நகர்ந்தா இடம் கிடைக்கும், எதிர்ல ஆபத்து இல்ல, உங்க ஊர் சட்டமும் அனுமதிக்குதுன்னா நகருங்க. எதுவுமே முடியலன்னா அசையாம நில்லுங்க, தப்பே இல்ல. ஆம்புலன்ஸ் டிரைவர் வேற சந்து கண்டுபிடிப்பாரு. இந்த மாதிரி நேரத்துல சில டிரைவர்கள் சைரனை அமத்திடுவாங்க, முன்னாடி நிக்கிறவங்க பயந்து போய் எதாவது பண்ணிடக் கூடாதுன்னுதான்.

ஒருநாள் இதே மாதிரி ஒரு சிக்னல்ல எங்களுக்கு முன்னாடி ஒரு சின்ன கார். ஓட்டினவர் நல்ல மனுஷன், எங்களுக்கு வழி விடணும்ங்கிற ஒரே நினைப்புல சட்டுனு ரெட்டைத் தாண்டிட்டார். சைடுல இருந்து வந்த லாரி போட்ட பிரேக்ல டயர் கிறீச்சுன்னு இழுத்து, அவர் கதவுக்கு ஒரு கை தூரத்துல வந்து நின்னுது. எங்க டிரைவர் அண்ணன் ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சபடி கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ஆஸ்பத்திரி போய் பேஷண்ட்டை இறக்கின பிறகுதான் சொன்னார், "தம்பி, அவங்க வேகமா போகணும்னு நான் கேக்கல, அவங்க என்ன செய்யப் போறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்"னு. நான் கீழ சொல்லப் போற எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் அடிப்படை.

அதனால சைரன் கேட்டா முதல் வேலை மிரர். எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க, அப்புறம் இண்டிகேட்டர், அப்புறம் மெதுவா ஓரம். இடது பக்கம் ஓட்டுற நாட்ல இடது ஓரம், வலது பக்கம் ஓட்டுற நாட்ல வலது ஓரம். ஆம்புலன்ஸுக்கு நேர் முன்னாடி சடன் பிரேக் போட்டு நிக்கிறது, வளைவுலயோ மேட்டு உச்சியிலயோ நிறுத்துறது, இது ரெண்டும் வேண்டாம், அந்த இடத்துல எதிர்ல என்ன வருதுன்னு ஆம்புலன்ஸ் டிரைவரால பார்க்க முடியாது, உங்களைத் தாண்டவும் முடியாம மாட்டிக்குவார்.

கேள்வி: சைரனே கேக்கல, திடீர்னு பாத்தா பின்னாடி ஒட்டிக்கிட்டு நிக்குது. எனக்குக் காது நல்லாதான் இருக்கு, இது எப்படி? (தினமும் கார்ல ஆபீஸ் போறவர்)

உங்க காதுல குறை இல்லீங்க, காரோட கட்டமைப்பு அப்படி. ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். சைரனுக்கு 3 மீட்டர் முன்னாடி நின்னு அளந்தா சத்தம் சுமார் 120 டெசிபல் இருக்கும். திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 6 மீட்டர்ல 114, 12 மீட்டர்ல 108, 24ல 102, 48ல 96. கண்ணாடியை முழுசா ஏத்தின கார் அதுல ஒரு 30 டெசிபலை வெளியவே நிறுத்திடுதுன்னு வச்சுக்கோங்க, உங்க காதுக்கு வர்றது 66 தான். ஏசி ஃபேன், டயர் சத்தம், பாட்டு எல்லாம் சேர்ந்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துடும். ஆக வண்டி 50 மீட்டருக்குள்ள வந்த பிறகுதான் உங்களுக்குத் தெளிவா கேக்கவே ஆரம்பிக்குது. நீங்க நின்னுட்டு இருக்கீங்க, அது 60 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னா அந்த 50 மீட்டரைக் கடக்க வெறும் 3 செகண்ட்!

ஜங்ஷன்ல இது இன்னும் மோசம், ஏன்னா சைரன் முன்பக்கம் பார்த்து வச்சது, பக்கவாட்டுல சத்தம் கம்மி, நடுவுல கட்டடம் வேற மறைக்குது. குறுக்கு ரோட்ல இருக்கிறவங்களுக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது. இதனாலதான் ஜங்ஷன் நெருங்கும்போது டிரைவர் சைரன் டோனை மாத்துவாரு. நீளமா ஏறி இறங்குறதுக்கு வெய்ல்னு பேரு, படபடன்னு அடிக்கிறது யெல்ப், ரெண்டு சுரம் மாறி மாறி வர்றது ஹை-லோ, அது ஐரோப்பாவுல அதிகம். ஒரே மாதிரி சத்தத்தைக் கொஞ்ச நேரத்துல காது கண்டுக்காம விட்டுடும், மாறுற சத்தத்துக்குத்தான் சட்டுனு திரும்பும். இப்போ சில வண்டிகள்ல ரொம்பக் கீழ் சுரத்துல அடிக்கிற சைரன் கூடுதலா வச்சிருக்காங்க, அது காதுல விழுறதை விட சீட்லயும் ஸ்டியரிங்லயும் அதிர்வா தெரியும்.

இன்னொருத்தர் சைரன் கிட்ட வரும்போது ஒரு மாதிரியும் தாண்டினதும் வேற மாதிரியும் கேக்குதேன்னு கேட்டிருந்தார். அது டாப்ளர் விளைவு, 1842ல ஆஸ்திரியாக்காரர் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னது. நெருங்கி வரும்போது சுரம் ஏறும், விலகிப் போகும்போது இறங்கும். வண்டியில சைரன் வைக்காத காலம் அது, 1845ல நெதர்லாந்துல ஓடுற ரயில்ல டிரம்பெட் வாசிக்கிறவங்களை ஏத்தி இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. உங்களுக்கு இதுல ஒரு பயன் இருக்கு, சுரம் சட்டுனு கீழ இறங்குச்சுன்னா அந்த வண்டி உங்களைத் தாண்டிப் போயிடுச்சுன்னு அர்த்தம்.

அதுக்காக உடனே கிளம்பிடாதீங்க. பின்னாடி இன்னொண்ணு வரலாம், போலீஸோ ஃபயர் வண்டியோ ரெண்டாவது ஆம்புலன்ஸோ. முதல் வண்டி போனதும் எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு நடுவுல திரும்பி வர்றப்போதான் நிறைய மோதல் நடக்குது. மிரர்ல இன்னொரு தடவை பாருங்க, அப்புறம் எடுங்க.

கேள்வி: ஆம்புலன்ஸ் முன்னாடி ஏன் எழுத்தைத் திருப்பி எழுதறாங்க? (எட்டாம் வகுப்பு மாணவன்)

முன்னாடி போறவரு மிரர்ல பாக்கும்போது நேரா தெரியும் கண்ணா. ஒரு பேப்பர்ல உன் பேரைத் திருப்பி எழுதி கண்ணாடி முன்னாடி காட்டிப் பாரு.

கேள்வி: டிராஃபிக் ஜாம்ல எல்லா லேனும் அடைச்சுக் கிடக்கு. வழி விடணும்னு மனசு இருக்கு, எங்க விடறதுன்னு தெரியல. (வாடகை வண்டி ஓட்டுறவர்)

அண்ணே, இதுக்கு ஜெர்மனிக்காரங்க ஒரு நல்ல வழி வச்சிருக்காங்க, ரெட்டுங்ஸ்காஸன்னு பேரு, உயிர் காக்கும் சந்துன்னு சொல்லலாம். ஹைவேயில வண்டிகள் ஊர்ந்து போக ஆரம்பிச்ச உடனேயே, சைரன் எல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே, இடது கடைசி லேன்ல இருக்கிறவங்க இன்னும் இடது ஓரமா ஒட்டிக்கணும், மத்த எல்லா லேன்காரங்களும் வலது பக்கம் ஒட்டிக்கணும். நடுவுல ஒரு வண்டி போற அளவுக்குச் சந்து தானா உருவாயிடும். அங்க அது சட்டம், செய்யலன்னா அபராதம். ஆஸ்திரியாவுலயும் 2012ல இருந்து கட்டாயம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா யாரும் யோசிக்கவே வேண்டாம், எல்லாருக்கும் தன் பக்கம் எதுன்னு முன்னாடியே தெரியும், டிரைவருக்கும் சந்து எங்க இருக்கும்னு தெரியும். இப்படி ஒரு விதி இல்லாத இடத்துல ஒருத்தர் இடது பக்கம் ஒதுங்க, அடுத்தவர் வலது பக்கம் ஒதுங்க, பாம்பு மாதிரி வளைஞ்ச பாதை ஒண்ணு உருவாகும், அதுல ஆம்புலன்ஸ் நுழைஞ்சு வெளிய வர்றதுக்குள்ள உள்ள நிக்கிற எங்க பாடு சொல்லி மாளாது. உங்களுக்கு முன்னாடி இருக்கிற கார் எந்தப் பக்கம் ஒதுங்குதோ அதே பக்கம் நீங்களும் ஒதுங்குங்க, அதுவே பெரிய உதவி. ஜாம்ல முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டே நில்லுங்க, பம்பரோட பம்பர் ஒட்டி நின்னுட்டா அப்புறம் ஸ்டியரிங்கை ஒடிக்கவே முடியாது.

கேள்வி: ஆம்புலன்ஸ் கிட்ட வந்ததும் சிக்னல் தானா பச்சையாச்சு, என் கண்ணால பாத்தேன். நிஜமா, தற்செயலா? (இன்ஜினியரிங் மாணவர்)

சில நகரங்கள்ல நிஜமாவே அப்படி இருக்கு. ஒரு வகையில வண்டி மேல இருக்கிற கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் செகண்டுக்கு சுமார் 14 தடவை மின்ன வைக்கும், கம்பத்துல இருக்கிற சென்சார் அந்தக் கணக்கை வச்சே இது அவசர வண்டின்னு புரிஞ்சுக்கும். இன்னொரு வகை ஜிபிஎஸ், வண்டி எங்க இருக்கு, எந்தத் திசையில எவ்வளவு வேகத்துல வருதுன்னு ரேடியோ மூலமா சிக்னலுக்குப் போயிடும். உடனே பச்சை விழுந்துடாது, குறுக்க போறவங்களுக்கு மஞ்சள் காட்டி, நடந்து கடக்கிறவங்களுக்கும் டைம் கொடுத்து, அப்புறம்தான் மாறும். இதுல பெரிய லாபம் ஆம்புலன்ஸுக்கு முன்னாடி தேங்கி நிக்கிற வண்டிகள் முதல்லயே கரைஞ்சு போயிடும், யாரும் ஒதுங்க வேண்டிய அவசியமே இல்ல.

கேள்வி: எங்கப்பாவுக்கு மாரடைப்பு வந்தப்ப ஆம்புலன்ஸ் சீக்கிரமாவே வந்துச்சு. ஆனா ஏத்தின பிறகும் வீட்டு வாசல்லயே ரொம்ப நேரம் நின்னுச்சு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல, ஏன் உடனே கிளம்பல? (வாசகி ஒருவர்)

அம்மா, உங்க கோபம் எனக்குப் புரியுது. அந்த மாதிரி வாசல்ல நின்னப்ப வெளிய இருந்து கதவைத் தட்டின எத்தனையோ பிள்ளைகள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க அப்பா விஷயத்துல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது, ஆனா பொதுவா ஏன் நிக்கிறோம்னு சொல்றேன்.

ஒரு காலத்துல ஆம்புலன்ஸ்னா படுக்க வச்சுத் தூக்கிட்டு ஓடுற வண்டி, அவ்வளவுதான். 1790கள்ல நெப்போலியன் படையில இருந்த டொமினிக் ஜான் லாரேங்கிற சர்ஜன் குதிரை பூட்டின லேசான வண்டிகளைப் போர்க்களத்துக்குள்ளயே அனுப்பினார், அங்கேர்ந்து தொடங்கினது இது. அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு வேகம்தான் எல்லாம்னு இருந்துச்சு. 1966ல பெல்ஃபாஸ்ட்ல ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ்னு ஒரு இதய டாக்டர், மாரடைப்பு வந்தவங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே இறந்து போறாங்களேன்னு, ஷாக் கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டரையே ஆம்புலன்ஸ்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பினார். அந்த முதல் கருவி சுமார் 70 கிலோ, கார் பேட்டரியில ஓடினது. இன்னிக்கு நாங்க ஒரு கையில தூக்கிட்டு மாடிப்படி ஏறுறதுக்கு அதுதான் மூலம்.

மாரடைப்புல இதயமே நின்னு போனா, சிபிஆரும் (நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கிறது) ஷாக்கும் இல்லாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சுக்கிட்டே போகும். அந்த நேரத்துல மருந்து ஆஸ்பத்திரியில இல்ல, எங்க கையிலதான் இருக்கு. நெஞ்சை நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கணும். நின்ன வண்டியிலயே ரெண்டு நிமிஷத்துல கை தளர்ந்துடும், ஓடுற வண்டியில ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கணும், அப்போ ஒரு கைதான் நெஞ்சு மேல இருக்கும், அமுக்குறது அமுக்குற மாதிரியே இருக்காது. அதனால நின்ன இடத்துலயே இதயத்தை ஓட வச்சுட்டு அப்புறம் கிளம்புறதுதான் பல நேரம் சரி.

எல்லாத்துக்கும் இப்படி இல்ல. உள்ள ரத்தம் கசியிற விபத்துக் கேஸ், பக்கவாதம், இதுக்கெல்லாம் நாங்க ஏத்தினதும் கிளம்பிடுவோம், ஏன்னா அதுக்குத் தேவையான ஆபரேஷனும் ஸ்கேனும் வண்டியில கிடையாது. மூளைக்குப் போற பெரிய ரத்தக் குழாய் அடைச்சா நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல் சாகுதுன்னு கணக்கிட்டிருக்காங்க.

கேள்வி: சின்ன ஆக்சிடென்ட்தான், ஆனா ஃபயர் வண்டியைக் குறுக்க நிறுத்தி ரெண்டு லேனை அடைச்சுட்டாங்க. ஓரமா நிறுத்தக் கூடாதா? (லாரி டிரைவர்)

நீங்களே பெரிய வண்டி ஓட்டுறவர், உங்களுக்குச் சட்டுனு புரியும். அந்த வண்டி அங்க சுவர். அடிபட்டவர் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்திருக்கிறவருக்குப் பின்னாடி வர்ற வண்டி தெரியாது, அவர் கண்ணு முழுக்க காயத்து மேலதான் இருக்கும். பின்னாடி யாராவது கவனிக்காம வந்தாலும் முதல்ல அந்தப் பல டன் வண்டியில மோதட்டும்னுதான் சாய்வா நிறுத்துறாங்க, முன் சக்கரத்தையும் ஆளுங்க இருக்கிற பக்கத்துல இருந்து திருப்பி வச்சிருப்பாங்க. அமெரிக்காவுல நிக்கிற அவசர வண்டியைப் பாத்தா ஒரு லேன் தள்ளிப் போகணும், முடியலன்னா வேகத்தைக் குறைக்கணும்னு சட்டம், 1996ல தெற்கு கரோலினாவுல ஆரம்பிச்சு இப்போ 50 மாநிலத்துலயும் இருக்கு.

ஓடுற ஃபயர் வண்டி முன்னாடி கட் அடிச்சு நுழையாதீங்கன்னும் சொல்லிடறேன். 2,000 லிட்டர் தண்ணின்னா 2 டன், நீங்க சட்டுனு பிரேக் போட்டா அவங்க தண்ணியும் சேர்ந்துதான் நிக்கணும். தண்ணி அலம்பாம இருக்க டேங்குக்குள்ள தடுப்பு வச்சிருந்தாலும் பாரம் பாரம்தான்.

கேள்வி: அம்மாவை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க, நான் பைக்ல பின்னாடியே போகலாமா? வழிதான் கிடைச்சிருச்சே. (கல்லூரி மாணவர்)

வேண்டாம்பா, கெஞ்சிக் கேக்கறேன். ஆம்புலன்ஸ் போனதும் எல்லாரும் ரோட்டுக்குத் திரும்புவாங்கன்னு மேல சொன்னேன்ல, அந்த நிமிஷத்துல அந்த இடைவெளியில இருக்கப் போறது நீதான். ரெட்டை அவங்க தாண்டலாம், உனக்கு அந்த உரிமை இல்ல. அமெரிக்காவுல பல மாநிலத்துல ஓடுற ஃபயர் வண்டிக்கு 500 அடிக்குள்ள பின்தொடரவே கூடாதுன்னு விதி இருக்கு, இதுக்காகத்தான். எந்த ஆஸ்பத்திரின்னு டெக்னீசியன்கிட்ட கேட்டுக்கோ, கூட ஒருத்தர் உள்ள ஏறட்டும், நீ அம்மாவோட மாத்திரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கிட்டு வழக்கமான வேகத்துல வா. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலும் அந்த மாத்திரைச் சீட்டு டாக்டருக்கு ரொம்பப் பயன்படும்.

கேள்வி: சில ஆம்புலன்ஸ் லைட் மட்டும் போட்டு, சைரன் இல்லாம மெதுவா போகுது. சில வண்டி சைரன் போட்டு வந்து பாதியில அமத்திடுது. உள்ள ஆள் இல்லாமலே வழி கேக்கறாங்களோன்னு ஒரு சந்தேகம். (பெயர் வெளியிட விரும்பாதவர்)

சந்தேகம் வர்றது இயல்பு, அதனால சொல்றேன். பாதியில அமத்துறதுக்குப் பெரும்பாலும் ஒரு ரேடியோ அழைப்புதான் காரணம். பக்கத்துல இருந்த இன்னொரு வண்டி முதல்ல போய்ச் சேர்ந்திருக்கும், இல்ல பேஷண்ட் நிலைமை பயந்த அளவுக்கு இல்லன்னு கன்ட்ரோல் ரூம்ல இருந்து சொல்லியிருப்பாங்க. காலியா போற வண்டின்னு நீங்க நினைக்கிறது யாரையோ ஏத்தப் போயிட்டு இருக்கலாம், அந்தப் பக்கம்தான் அவசரம் அதிகம்.

மெதுவா போறதுக்குக் காரணம் வேற. சைரன் போட்டுப் போறதால எவ்வளவு நேரம் மிச்சம்னு பல ஊர்ல அளந்து பார்த்திருக்காங்க, பெரும்பாலும் சில நிமிஷம்தான் வந்திருக்கு. இதயம் நின்னவருக்கு அந்தச் சில நிமிஷம் உயிர், கால் உடைஞ்சவருக்கு அப்படி இல்ல, அவருக்காக ரோட்ல இருக்கிற எல்லாரையும் ஆபத்துல வைக்க வேண்டியதில்லன்னு பல சேவைகள் இப்போ சைரனைக் குறைச்சுட்டு வர்றாங்க.

உள்ள என்ன நடக்குதுன்னும் பாருங்க. பேஷண்ட் தலை டிரைவர் பக்கம், கால் பின் கதவுப் பக்கம் வச்சுப் படுத்திருப்பார். சடன் பிரேக் போட்டா உடம்புல இருக்கிற ரத்தம் தலைப் பக்கம் தள்ளும், தலையில அடிபட்டவருக்கு அது ஏற்கனவே இருக்கிற அழுத்தத்தை ஏத்தும். சட்டுனு வேகம் எடுத்தா கால் பக்கம் போகும், ரத்தம் நிறைய இழந்தவருக்கு பிபி விழும். கழுத்தெலும்பு அடிபட்ட ஒருத்தரை ஒரு தடவை கூட்டிட்டுப் போனோம், நான் அவர் தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டிருந்தேன், டிரைவர் அண்ணன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாடி "பள்ளம் தம்பி"ன்னு குரல் கொடுப்பார், நான் மூச்சைப் பிடிச்சுக்குவேன். சைரன் போடல, மணிக்கு 30 கிலோமீட்டர்தான். பின்னாடி ரெண்டு மூணு கார் ஹாரன் அடிச்சுட்டு எங்களை ஓவர்டேக் பண்ணிப் போனாங்க. எனக்கு மேல தொங்கின டிரிப் பாட்டில் அந்த வழி முழுக்கப் பெரிசா ஆடவே இல்ல.